பாரிசவாதமும் பதினொன்றேகால் நாழிகையும்

பாரிசம் என்னும் சொல் பக்கம் எனப் பொருள்படும். ‘பார்சுவம்’ என்ற வடசொல் தமிழில் வந்து பாரிசமாயிற்று. உடம்பின் ஒரு பக்கத்தைச் செயலறச் செய்யும் வாதம் பாரிசவாதம். தமிழகத்தார் பக்கவாதம் என்பர். நோயைப் பற்றி எழுதப் புகுந்த தமிழாசிரியன் சொல்லாராய்ச்சியிலே தொடங்குகின்றானே என்று, மருத்துவம் கற்று உயர்ந்த நம் கல்லூரிப் பழைய மாணவர்கள் நகைத்தல் கூடும். காரணம் உண்டு. இந்நோய்க்கு ஆளான நம்மவர் பலரை முடமாக்குவது நோயின் கடுமை மட்டுமன்று; அதற்கு நாம் இட்டு வழங்கும் பெயரும் அதற்குத் துணைபோகின்றது என்பது என் துணிபு.

வாதம் என்றவுடன் நம் மனத்தில் எழுவன யாவை? மூட்டுவாதம், முடக்குவாதம் முதலியன. மெல்ல வந்து நெடுநாள் நின்று, எண்ணெயும் ஒற்றடமும் பத்தியமும் வேண்டுவன. வளி, பித்தம், ஐ என்னும் மூன்றும் மிகுதலாலும் குறைதலாலும் நோய் உண்டாகும் என்பது முன்னோர் கொள்கை. வள்ளுவரும் 95ஆம் அதிகாரத்தில் அதனைத் தழுவியே பேசுகின்றார். காற்று மிகுந்து வந்த நோயாயின் காற்றைத் தணித்தால் அமையும், அதற்கு ஓடுவானேன்? ஆனால் ‘மாரடைப்பு’ என்று ஒருவர் சொல்லட்டும். வீடே எழுந்து ஓடும், அயலவர் வாகனம் தேடுவர். அடைப்பு என்ற சொல்லே அவசரத்தை உணர்த்திவிடுகின்றது. பழைய கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயர் அடித்து வீழ்த்துதல் என்னும் பொருளது. ஆங்கிலேயர் ‘ஸ்ரோக்’ என்பதும் அடி என்ற பொருளதே. அவர்கள் நோய் தாக்கும் முதற் கணத்தை நோக்கிப் பெயரிட்டனர். நாமோ, தாக்கியபின் எஞ்சி நிற்கும் முடத்தை நோக்கிப் பெயரிட்டோம். நெஞ்சில் மாரடைப்புச் செய்வதையே மூளையில் இந்நோய் செய்கின்றது. இதனை நான் கற்றது நூலிலிருந்தன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலே வாழ்ந்த என் தாய்மாமனுக்கு இந்நோய் கண்டது. வயது 62. விடியற்காலை 5.45 மணிக்கு வெறுந்தேநீர் அருந்தி, வயலுக்குப் போகும் பேச்சும் பேசியிருக்கின்றார். 6 மணியளவில் மண்வெட்டியை எடுக்கக் குனிந்தவர் கை வழுகிச் சாய்ந்தார். வாய் ஒருபுறம் கோணியது, சொல் எழவில்லை. செய்தி கேட்டு நான் துறையைக் கடந்து அங்கே சேர்ந்தபோது மணி 9. மாமி அவருடைய வலக்கையிலே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். “காத்துப் பட்டிருக்கு மனே, எண்ணெய் பூசினா எடுபட்டுப் போகும்” என்றார். 10 மணிக்குப் பரிகாரியார் வந்தார். நாடி பார்த்தார். “இது என் கைக்கு உரியதன்று, ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்று கூறிவிட்டு, தட்சணையும் பெறாது எழுந்து சென்றார். நாட்டு வைத்தியரே காலத்தை வீணாக்குகின்றார் எனப் பழி கூறுவோர் இதனைக் கருதுக. அன்று அவ்வீட்டில் காலத்தின் அருமையை அறிந்தவர் அவர் ஒருவரே.

அவர் சொன்ன பின்னும் நாங்கள் புறப்படவில்லை. கல்முனையில் தொழில் செய்யும் மூத்த மகன் வரட்டும் என்று இருந்தோம். “மகன் வரட்டும்” என்று முதலிற் சொன்னவன் நான். பயிற்றப்பட்ட ஆசிரியன், நாலு பேருக்குப் புத்தி சொல்பவன், சட்டைப் பையிலே தொலைபேசி வைத்திருந்தவன். மகன் வந்தது பகல் 1 மணிக்கு. தோணி பிடித்து, வாகனம் பிடித்து, வைத்தியசாலை சேர்ந்தது 3.30 மணிக்கு. அங்கிருந்த இளம் வைத்தியர் முதலிற் கேட்ட வினா ஒன்றே: “கடைசியாக இவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?” 5.45 என்றோம். அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின் எங்களைப் பார்த்தார். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

5.45 மணியோடு நாலரை மணித்தியாலத்தைக் கூட்டினால் 10.15 ஆகும். அந்த 10.15 மணிக்கு நாங்கள் முற்றத்துப் பாயிலிருந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம்.

அந்த நாலரை மணித்தியாலக் கணக்கு யாது என்பதை இனி விளக்குதல் வேண்டும். மூளை நம் உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றில் 2 பங்கே. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை அதற்கே செல்லும். தசை சற்று நேரம் பசி பொறுக்கும், மூளை பொறாது. குருதிக் குழாயொன்றிற் கட்டி அடைத்துக்கொண்டால் அக்குழாயை நம்பியிருந்த பகுதி வாடத் தொடங்கும். உறுகாமக் குளத்து நீரை நம்பி விதைத்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் மரம் விழுந்து நீர் மறிபட்டால், அவ்வாய்க்காலை மட்டுமே நம்பிய வரவை முதலிற் கருகும். அதனைச் சூழ்ந்த வயல்களோ அயல் வரம்புகளிலிருந்து கசியும் நீரால் வாடியும் வாடாமலும் சில நேரம் உயிர் பிடித்து நிற்கும். மூளையிலும் அவ்வாறே. நடுவிலுள்ள பகுதி நிமிடக் கணக்கில் இறந்துபடும். சுற்றியுள்ள பகுதி இயக்கம் ஒடுங்கினும் உயிரோடிருக்கும். பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. கை எழாது, வாய் பேசாது. ஆனால் மறியலை நீக்கினால் சூழ்ந்த பகுதி மீளும். வைத்தியம் முழுவதும் அந்த வாடிய வயலைக் காப்பதற்கே.

பெருங்குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க வைத்தியர் கணக்கிட்டு வெளியிட்டார். நம் நாழிகை 24 நிமிடம். ஆகவே ஒரு நாழிகைக்கு 4 கோடியே 56 இலட்சம். மகனுக்காகக் காத்திருந்த நாழிகைகளை நான் பின்னொரு நாள் கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. அத்தொகையை இங்கு எழுதேன்.

இவ்விடத்தில் நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் பொருந்தும். 1952 மார்ச் 21ஆம் நாள் காலை, இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா கொழும்பு காலிமுகத் திடலிலே குதிரையிற் சென்றுகொண்டிருந்தபோது இந்நோய் தாக்கிக் கீழே வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். நாட்டின் தலைவர், தலைநகரின் நடுவே, சிறந்த வைத்தியர்கள் சூழ இருந்தும் பயனில்லை. ஏனெனில் அக்காலத்தில் மண்டையோட்டுக்குள்ளே நிகழ்வதைக் காட்டும் கருவியும் இல்லை. கட்டியைக் கரைத்து மூளையைக் காக்கும் மருந்தும் இல்லை. விரைந்து சென்றவரும் தாமதித்துச் சென்றவரும் பெரிதும் ஒரு நிலையினரே. நம் பாட்டன்மார் இந்நோய்க்கு ஓடாதிருந்ததை அறியாமை என்று இகழ்தல் முறையன்று. ஓடிச் சென்று அடையத்தக்கது யாதும் அன்று இருக்கவில்லை. இன்று நிலை மாறிவிட்டது; நம் வழக்கம் மட்டும் மாறவில்லை.

மாறியது எவ்வாறு? சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியர் வெப்பர் என்பார், இந்நோயால் இறந்தோரின் மூளையை அறுத்து ஆராய்ந்து, உள்ளே குருதி கசிந்திருத்தலைக் கண்டு 1658இல் நூல் எழுதினார். அதன்பின் முந்நூறு ஆண்டுக்கு மேலாக, அடைப்போ கசிவோ என்பதை உயிரோடிருப்பவரிடத்துத் திட்டமாக அறிய இலகுவான வழி இல்லை. 1971இல் இங்கிலாந்திலே ஹவுன்ஸ்பீல்ட் என்பார் அமைத்த சி.ரி. ஸ்கான் கருவி முதன் முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 1979இல் அவருக்கும் கோர்மாக் என்பாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பின் 1995 டிசம்பரில், அமெரிக்காவில் 624 நோயாளரிடத்துச் செய்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. கட்டியைக் கரைக்கும் அல்ரெப்பிளேஸ் என்னும் மருந்தை, நோய் தொடங்கிய 3 மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏற்றினால், மூன்று மாதத்தின் பின் முடமின்றியோ மிகச் சிறு குறையோடோ இருப்பதற்கான வாய்ப்பு, மருந்து பெறாதோரினும் நூற்றுக்கு 30 பங்காவது மிகுதி என அது காட்டியது. 2008இல் ஐரோப்பியர் செய்த மற்றொரு சோதனை அந்த எல்லையை நாலரை மணித்தியாலத்துக்கு நீட்டியது. நம் கணக்கில் பதினொன்றேகால் நாழிகை. நாலரை மணி இருக்கின்றதே என்று ஆறுதல் கொள்வது தவறு. முதல் நாழிகையிற் பெறும் மருந்தும் பதினோராம் நாழிகையிற் பெறும் மருந்தும் ஒரே பயன் தருவன அல்ல. 2015இல் வேறொரு முறையும் நிலைநாட்டப்பட்டது. தொடையிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைக் குழாயில் அடைத்த கட்டியை இழுத்தெடுப்பது அது. தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரையும் அது பயன்படும் எனப் பின்னர் கண்டனர். ஆனால் அது பெருநகரங்களிலே சில இடங்களில் மட்டும் செய்யப்படுவது. அதனை நம்பி நாம் தாமதிக்கலாகாது.

மருந்து இவ்வளவு நல்லதாயின் ஊர் வைத்தியசாலையிலேயே ஏற்றிவிடலாமே என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நல்ல வினா. இந்நோய் இருவகை. பெரும்பாலும் அடைப்பு, சிலர்க்குக் குழாய் வெடித்துக் குருதி கசிதல். வெளித் தோற்றத்தைக் கொண்டு எவராலும் இரண்டையும் பிரித்தறிய இயலாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் உயிருக்கே கேடு. மேற்கூறிய 624 பேருள்ளும், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 6 பேருக்கு மூளையிற் குருதி கசிந்து நிலை மோசமாயிற்று. பெறாதோரில் அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. ஆதலால் முதலில் ஸ்கான், பின்பே மருந்து. ஸ்கான் இல்லாத இடத்திற்கு நோயாளியைக் கொண்டுபோய் அங்கிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதில் எத்தனையோ நாழிகை கழியும். இதே காரணத்தால், வீட்டிலிருந்து அஸ்பிரின் குளிசை கொடுப்பதும் கூடாது. மாரடைப்புக்குக் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டதை இங்கே கொண்டுவந்து பொருத்தற்க.

இனி நோயை அறியும் வழி. முகம், கை, பேச்சு என்னும் மூன்றையும் மனத்திற் கொள்க. சிரிக்கச் சொன்னால் வாயின் ஒருபுறம் தாழ்ந்திருக்கும். இரு கைகளையும் நீட்டி உயர்த்தச் சொன்னால் ஒன்று தானே கீழிறங்கும். ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் குழறும். அல்லது தொடர்பில்லாத சொற்கள் வரும். இந்த மூன்றாவது சோதனைக்கு ஆங்கில நூல்களிலுள்ள வாக்கியங்களை மொழிபெயர்த்து வழங்குதல் வேண்டாம். “இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகவேண்டும்” என்பது போன்ற வழக்கு வாக்கியமே போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. நல்ல உடல்நலத்தோடிருக்கும் நம்மவருள்ளும் ழகரத்தை ளகரமாக்குவோர் பலர். அது பாரிசவாதமன்று, என் போன்ற ஆசிரியர்களின் குறை. அவர் வழக்கமாகப் பேசும் பேச்சோடு ஒப்பிட்டே முடிவு செய்க. மூன்றில் ஒன்று பிழைத்தாலும் போதும். மற்ற இரண்டும் தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. திடீரென நடை தள்ளாடுதல், ஒரு கண்ணோ பார்வையின் ஒரு பாதியோ மறைதல், முன் அறியாத கடுந்தலையிடி ஆகியனவும் இந்நோயின் குறிகளாகலாம். மாரடைப்பைப் போல இது பெரும்பாலும் நோவதில்லை. நோவு இல்லாமையே நம்மை ஏமாற்றுகின்றது.

குறிகள் கால் மணியிலோ அரை மணியிலோ தாமே மறைந்துவிட்டால்? “கும்பிட்ட தெய்வம் காத்தது” என்று நேர்த்திக்கடன் தீர்த்து வீட்டிலிருப்பர். தெய்வம் காத்தது மெய்யாகலாம். ஆனால் அது எச்சரித்தும் போயிருக்கின்றது. அடுத்த சில நாட்களில் பெருந்தாக்கு வருதற்கு இடமுண்டு. ஆகவே அன்றே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். துயிலெழும்போதே கை எழாதவர்க்குக் கணக்கு விழித்த நேரத்திலிருந்து தொடங்குவதன்று. முதல்நாள் இரவு நன்றாகப் பேசிப் படுத்த நேரத்திலிருந்து தொடங்கும். வீட்டார் அதனை நினைவிற் கொண்டு வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும். எங்களைக் கேட்ட அந்த ஒரு வினாவுக்கு விடை தெரியாமையால் மருந்தை இழப்போரும் உளர்.

செய்யத்தகாதன சில. நீர், கோப்பி, இளநீர் எதுவும் வாயில் ஊற்றற்க. விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்குமாதலின் அது நுரையீரலுட் புகுந்து சளிச்சுரத்தை உண்டாக்கும். குருதியழுத்தக் குளிசையை வீட்டில் மேலதிகமாகக் கொடுக்கற்க. விரல் நுனிகளை ஊசியாற் குத்திக் குருதி வடிய விட்டால் நோயாளி எழுந்துவிடுவார் என்று ஒரு செய்தி கைத்தொலைபேசிகளில் ஆண்டாண்டாகச் சுற்றிவருகின்றது. படித்தவர்களே அதனை எனக்கு அனுப்பியுள்ளனர். அது முழுப் பொய். நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் வேண்டுமென்றால் ஒருவர் கோயிலுக்குப் போகட்டும். நோயாளி வைத்தியசாலைக்குப் போகட்டும். நோயாளியைப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, உடனே 1990 என்னும் இலக்கத்தை அழைத்தலே செய்யத்தக்கது.

சுவசெரிய எனப்படும் அவ்வம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடு முழுவதற்கும் விரிந்தது. கட்டணமில்லை. அழைக்கும்போது “ஆளுக்கு ஏலாது” என்று மட்டும் சொல்லாது, “பாரிசவாதம் என ஐயுறுகின்றோம், இத்தனை மணிக்குத் தொடங்கியது” எனச் சொல்லுக. கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் உடன் கொண்டு செல்க. குருதி உறையாமைக்கு மருந்து குடிப்பவராயின் அதனை முதலிலேயே கூறுக.

வந்தாறுமூலையில் இருப்போர் இவ்வகையில் நற்பேறு உடையோர். திருக்கோணமலை வீதி வாயிலிலே கிடக்கின்றது. மட்டக்களப்பு நகரும் அங்குள்ள போதனா வைத்தியசாலையும் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். மாட்டுவண்டிக் காலத்தில் அது அரைநாட் பயணம். ஆனால் நம் கல்லூரியிற் படித்தோரின் உறவினர் எத்தனை பேர் வாவிக்கு மேற்கே இருக்கின்றனர்! சந்திவெளித் துறையைத் தோணியிற் கடந்து திகிலிவெட்டை செல்வோரும், மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போது படகை நம்புவோரும் இதனை வாசித்துப் பெருமூச்செறிவர். அவர்களுக்கு நாலரை மணித்தியாலம் என்பது உண்மையில் மூன்று மணித்தியாலமே. அங்கே விரைவு என்பது நோய் வந்தபின் தோன்றுவதாக இருக்க முடியாது. மாரி தொடங்குமுன்னரே, இரவில் தோணி தள்ள வருபவர் யார், துறையின் இக்கரையில் வாகனம் வைத்திருப்பவர் யார், அவர்தம் இலக்கங்கள் யாவை என்பன ஊரில் முடிவாதல் வேண்டும். நீர்ப்பங்கீட்டை ஒழுங்குசெய்ய வட்டவிதானையைத் தெரிந்தெடுக்கும் ஊருக்கு இது பெருங்காரியமன்று. முக்கியமாக, “மகன் வரட்டும்” என்னும் சொல்லை அங்கு ஒழித்தல் வேண்டும். மகன் கல்முனையிலிருந்து நேரே வைத்தியசாலைக்கு வரலாமே! இந்த எளிய எண்ணம் அன்று எனக்குத் தோன்றவில்லை.

நேரம் கடந்துவிட்டதாயின் போகாமலே விடலாமோ எனின், அதுவும் பிழை. விழுங்கும் வலிமையைச் சோதித்து உணவு கொடுத்தல், குருதியழுத்தத்தையும் சீனியையும் சீராக்கல், சளிச்சுரமும் படுக்கைப் புண்ணும் வராது காத்தல், நாட் கழியாமல் உடற்பயிற்சி தொடங்கல் ஆகியவற்றாலேயே பலர் உயிர் பிழைத்து மீண்டும் நடக்கின்றனர். நோய் வராமற் காக்கும் வழிகளை விரிக்க இடமில்லை. 140க்கு 90 என்ற அளவைத் தாண்டிய குருதியழுத்தமே முதற் பகைவன். உப்பும், புகையும், வெற்றிலையோடு போடும் புகையிலையும் அவனுக்குத் துணைவர். குளிசையை, உடல் நன்றாக இருக்கின்றது என்று இடையில் நிறுத்தியவர் என் மாமன்.

அவர் இன்றும் உயிரோடிருக்கின்றார். தடியூன்றி முற்றம் வரை வருவார். வலக்கை இடுப்போடு மடிந்திருக்கின்றது. பேச்சு மீளவில்லை, தம் பெயரையும் மாமியின் பெயரையும் சொல்ல முயன்று கண்ணீர் விடுவார். நோய்க்கு முன் வைகாசிச் சடங்கிலே கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை பாடுவோர் வரிசையில் அவரும் ஒருவர். சென்ற வைகாசியில் அவரை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு தூணருகே இருத்தினோம். பாடல் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் உதடுகள் அசைந்தன. பின், நாலைந்து சொற்கள் பிழையின்றி, இராகத்தோடு வெளிவந்தன. பேச்சுக்குரிய இடம் பெரும்பாலார்க்கு மூளையின் இடப்பாகத்தில் உள்ளது என்றும், இசை வலப்பாகத்தையும் துணைக்கொள்வதால், பேச முடியாதவருள்ளும் சிலர் பாடுவர் என்றும் பேச்சுச் சிகிச்சையாளர் எங்களுக்கு விளக்கினார். இப்பொழுது மாமி தேநீர் வேண்டுமா என்பதையும் இராகத்தோடுதான் கேட்கின்றார்.